வி-லேன் வில்லன் அல்ல!



'சுவிட்ச்' என்று சொன்னால் ஒரு காலத்தில் ஃபேன் போடுவதுதான் ஞாபகத்துக்கு வரும். அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்தபிறகு இன்னொரு சுவிட்சும் நமக்குப் பழக்கமாகிவிட்டது. வரிசையாக ஓட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வயர், பச்சை லைட் மினுக் மினுக்கென்று எரியும். "இது என்ன செய்யுது?" என்று கேட்டால், "கம்ப்யூட்டரை எல்லாம் ஒண்ணா சேர்க்குது" என்று பதில் வரும். சரிதான். ஆனால் பெரிய அலுவலகங்களில் இருக்கும் சுவிட்சுகள் தங்களுக்குள்ளேயே செய்தி அனுப்பிக் கொள்கின்றன என்பது உங்களுக்குத் தெரியுமா? அந்தச் செய்தியை யார் அனுப்பலாம், அது எதுவரைக்கும் போகலாம் என்று வரம்பு வைக்காவிட்டால், ஓரமாகக் கிடந்த ஒரு பழைய சுவிட்ச் மொத்த அலுவலகத்தையும் நிறுத்திவிடும்! எப்படி என்று பார்ப்போமா?

சுவிட்ச் என்ன செய்கிறது?

ஒவ்வொரு கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டுக்கும் 48 பிட் நீளமுள்ள ஒரு முகவரி உண்டு. 'மேக்' முகவரி என்பார்கள். எந்த ஓட்டையில் எந்த முகவரி இருக்கிறது என்று சுவிட்ச் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். அதன்பிறகு ஒருவருக்கு வந்த செய்தியை அவருக்கு மட்டும் கொடுக்கும். நம்ம ஊர் தபால்காரர் மாதிரி.

ஆனால் சில செய்திகள் எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டியவை. "இந்த முகவரி யாருடையது? கையைத் தூக்குங்க!" என்பது போன்றவை. இதற்கு 'பிராட்காஸ்ட்' என்று பெயர். 20 கம்ப்யூட்டர் இருக்கும் லேபில் இது ஒரு தொந்தரவே இல்லை. 2000 கம்ப்யூட்டர் இருக்கும் கல்லூரியிலோ மருத்துவமனையிலோ எல்லாரும் இப்படிக் கூப்பிட்டால்? சந்தைக்கடை இரைச்சல்தான்!

வி-லேன் வந்த கதை

இரைச்சலைக் குறைக்க ஒரே வழி, கூட்டத்தைப் பிரிப்பது. அதற்காக ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி சுவிட்ச் வாங்கினால் செலவு தாங்காது. ஒரே சுவிட்சுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத சுவர் எழுப்பினால்? அதுதான் வி-லேன். 1980-களில் அமெரிக்காவின் பெல்கோர் நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் சின்காஸ்கி என்ற பொறியாளரை இதன் தந்தை என்கிறார்கள்.

ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். அலுவலகத்துக்கு வி-லேன் 10, லேபுக்கு 20, விடுதிக்கு 30 என்று எண் கொடுத்துவிடலாம். விடுதியில் ஒருவர் போடும் சத்தம் அலுவலகத்துக்குக் கேட்காது. ஒரு வி-லேனிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் 'ரூட்டர்' என்ற வாசல் வழியாகத்தான் போக வேண்டும். வாசலில் காவல் போடலாம் அல்லவா? மதிப்பெண் பட்டியல் இருக்கும் கம்ப்யூட்டருக்கு இதனால் ஒரு பாதுகாப்பு. ஆகவே வி-லேன் வில்லன் அல்ல, நம்ம கதாநாயகன்தான்!

சரி, ஒரு கட்டடத்தின் சுவிட்சிலிருந்து அடுத்த கட்டடத்தின் சுவிட்சுக்கு மூன்று வி-லேனுக்கும் மூன்று வயர் இழுக்க வேண்டுமா? வேண்டாம். திருச்சியிலிருந்து கீரனூர் வழியாகப் புதுக்கோட்டை போகும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். கீரனூர் ஆளும் புதுக்கோட்டை ஆளும் ஒரே பஸ்ஸில்தான் உட்கார்ந்திருப்பார்கள். யார் எங்கே இறங்க வேண்டும் என்று டிக்கெட் சொல்லும். அதேபோல் இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவில் ஒரே வயர் போதும். அதற்கு 'டிரங்க்' என்று பெயர். அதில் போகும் ஒவ்வொரு செய்தியிலும் 'நான் 20-ஆம் வி-லேன்' என்று ஒரு டிக்கெட் ஒட்டியிருக்கும்.

★ தெரிந்து கொள்வோம்! ★
இந்த டிக்கெட்டின் அளவு 4 பைட். இதற்கான விதி 802.1க்யூ. முதலில் வெளியான ஆண்டு 1998. டிக்கெட்டில் வி-லேன் எண்ணுக்கு 12 பிட் ஒதுக்கியிருக்கிறார்கள். 2-ஐ 12 தடவை பெருக்கினால் 4096. முதல் எண்ணும் கடைசி எண்ணும் பயன்பாட்டுக்குக் கிடையாது. மீதி 4094 வி-லேன்!

சர்க்குலர் வருது, சர்க்குலர் வருது!

இப்போது விஷயத்துக்கு வருவோம். கல்லூரியில் 30 சுவிட்ச் இருக்கிறது. புதிதாக 'நூலகம் – வி-லேன் 40' சேர்க்க வேண்டும். 30 சுவிட்சிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து தட்ட வேண்டும். ஒன்றில் மறந்தால் போச்சு.

இந்த வேலையைக் குறைக்க சிஸ்கோ நிறுவனம் ஒரு முறையைக் கொண்டுவந்தது. பெயர் வி.டி.பி. வி-லேன் பட்டியலை ஒரு சுவிட்சில் எழுதினால் போதும், டிரங்க் வழியாக மற்ற எல்லா சுவிட்சுக்கும் தானே போய்விடும்.

நம்ம பள்ளியில் தலைமையாசிரியர் அறையிலிருந்து சர்க்குலர் வருவது மாதிரிதான். "கால அட்டவணை – திருத்தம் 12" என்று ஒரு தாள் வகுப்பு வகுப்பாகப் போகிறது. நம்மிடம் இருப்பது திருத்தம் 11 என்றால் அதைக் கிழித்துவிட்டு 12-ஐ ஒட்டிக்கொள்கிறோம். வந்தது 10 என்றால், 'இது பழசு' என்று விட்டுவிடுகிறோம். வி.டி.பி.யிலும் இதேபோல் திருத்த எண் உண்டு. பட்டியலில் ஒரு மாற்றம் செய்தால் எண் ஒன்று கூடும். மாற்றம் செய்த உடனே சர்க்குலர் போகும். மாற்றமே இல்லாவிட்டாலும் 300 விநாடிக்கு ஒரு தடவை, அதாவது 5 நிமிடத்துக்கு ஒரு தடவை, "என்னிடம் இருப்பது இந்த எண்" என்று சுவிட்சுகள் சொல்லிக்கொண்டே இருக்கும்.

சர்க்குலர் யாருக்குச் செல்லும்? ஒரே 'டொமைன்' பெயர் வைத்திருக்கும் சுவிட்சுகளுக்கு மட்டும். டொமைன் என்பது பள்ளியின் பெயர் மாதிரி. பக்கத்துப் பள்ளி சர்க்குலரை நாம் ஒட்ட மாட்டோம் இல்லையா?

சுவிட்சுகள் மூன்று வேடம் போடலாம்:

1. சர்வர் – பட்டியலை எழுதலாம், திருத்தலாம், பரப்பலாம்.
2. கிளையன்ட் – தானாகத் திருத்த முடியாது. வந்ததை ஏற்றுக்கொண்டு அடுத்தவருக்கும் சொல்லும்.
3. டிரான்ஸ்பரன்ட் – தன் பட்டியலைத் தானே வைத்துக்கொள்ளும். வந்த சர்க்குலரைத் தன் சுவரில் ஒட்டாது. ஆனால் அடுத்த வகுப்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும்.

பெரிய நம்பர்தான் ஜெயிக்கும்!

இங்கேதான் நண்பர்களே வில்லங்கம் ஆரம்பிக்கிறது.

நம்ம பள்ளியில் இப்போது இருப்பது திருத்தம் 12. அலமாரியில் பழைய தாள் ஒன்று கிடக்கிறது. நாலு வருஷத்துக்கு முந்தையது. ஆனால் அந்த வருஷம் ஓயாமல் மாற்றியதால் அதன் எண் 90! தேதி பார்க்காமல் எண்ணை மட்டும் பார்க்கிற பழக்கம் நமக்கு இருந்தால் என்ன ஆகும்? '12-ஐ விட 90 பெரிசு, அப்ப இதுதான் புதுசு' என்று எல்லா வகுப்பும் 12-ஐக் கிழித்துவிட்டு 90-ஐ ஒட்டிவிடும். அந்தப் பழைய தாளில் 9-சி என்ற பிரிவே இல்லை. 9-சி மாணவர்கள் எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நிற்பார்கள்!

சுவிட்சிலும் அப்படியே நடக்கும். ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய சுவிட்சை, 'ஒரு நாலு ஓட்டை கூடக் கிடைக்குமே' என்று டிரங்கில் மாட்டுகிறார்கள். அதன் டொமைன் பெயர் இதேதான். திருத்த எண் பெரியது. சில விநாடிகளில் எல்லா சுவிட்சிலும் பட்டியல் மாறிவிடும். புதுப் பட்டியலில் இல்லாத வி-லேன்கள் அழிந்துபோகும். அந்த வி-லேனில் இருந்த ஓட்டைகள் எல்லாம் செயலிழந்து நிற்கும். வயர் நன்றாக இருக்கும், கரண்ட் இருக்கும், கம்ப்யூட்டரும் நன்றாக இருக்கும். ஆனால் எதுவும் வேலை செய்யாது.

இதில் பலரும் ஏமாறும் இடங்கள் மூன்று:

• "அது கிளையன்ட்தானே, அதால என்ன செய்ய முடியும்?" – முடியும்! வி.டி.பி.யின் முதல் இரண்டு பதிப்புகளில், கிளையன்ட் சுவிட்சாக இருந்தாலும் திருத்த எண் பெரிதாக இருந்தால் சர்வரே அதன் பட்டியலை ஏற்றுக்கொள்ளும்.

• "நாங்க எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் மாட்டினோம்." – சுவிட்சின் பொது அமைப்புகள் ஒரு கோப்பிலும், வி-லேன் பட்டியல் 'வி-லேன் டாட் டேட்' என்ற வேறொரு கோப்பிலும் இருக்கும். முதலாவதை அழித்தால் இரண்டாவது அழியாது. அப்படியே உயிரோடு இருக்கும்.

• "கடவுச்சொல் போட்டிருக்கோமே!" – கடவுச்சொல் நல்லதுதான். வெளி ஆள் பொய்ச் சர்க்குலர் அனுப்பினால் தடுக்கும். ஆனால் ஸ்டோர் ரூம் சுவிட்ச் நம்ம வீட்டு ஆள். அதனிடம் பழைய சாவி இருக்கிறதே! அதே டொமைன், அதே கடவுச்சொல். பூட்டு எப்படித் தடுக்கும்?

நெட்வொர்க் நின்றால் என்ன? மறுநாள் வந்தா போச்சு?

அப்படி நினைக்க முடியாது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீகனஸ் என்ற பெரிய மருத்துவமனை இருக்கிறது. 2002 நவம்பரில் அங்கே நெட்வொர்க் நின்றது. காரணம் வி.டி.பி. அல்ல. சுவிட்சுகள் தங்களுக்குள் பேசி, சுற்றுப்பாதை உண்டாகாமல் பார்த்துக்கொள்ளும் 'ஸ்பேனிங் ட்ரீ' என்ற இன்னொரு முறை. நெட்வொர்க் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டதால் அந்தப் பேச்சு குழம்பிப்போனது. சுமார் 4 நாட்கள் மருத்துவர்களும் செவிலியர்களும் காகிதத்தில் எழுதி வேலை பார்த்தார்கள். பரிசோதனை முடிவுகளை ஆட்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அந்த மருத்துவமனையின் பெரிய குணம் என்னவென்றால், நடந்ததை மூடி மறைக்காமல் எல்லாருக்கும் சொன்னார்கள். உலகம் முழுக்க நெட்வொர்க் படிக்கிறவர்களுக்கு அது ஒரு பாடமாகிவிட்டது.

நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். கீரனூர் குளத்தூர் வட்டத்தின் தலைமையிடம். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா என்று நம்ம வீட்டுக் காரியம் எல்லாம் இன்று ஆன்லைனில்தான் நடக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தையும் வட்டாட்சியர் அலுவலகங்களையும் இணைக்க தமிழ்நாடு அரசுக்கென்றே தனி நெட்வொர்க் இருக்கிறது. 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டத்தையும் அரசு எடுத்திருக்கிறது. கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாளன்று ஒரு சான்றிதழ் கிடைக்காவிட்டால் ஒரு மாணவியின் ஒரு வருஷமே போய்விடும். எங்கோ ஒரு அறையில் இருக்கும் சுவிட்ச் ஒழுங்காக இருப்பது நம்ம எல்லாருடைய பிரச்சினைதான்.

முதல் கட்டுப்பாடு: யார் பேசலாம்?

1) பதிப்பு 3-க்கு மாறலாம். வி.டி.பி. பதிப்பு 3-ல் 'பிரைமரி சர்வர்' என்று ஒரே ஒரு சுவிட்சுக்கு மட்டும் திருத்தும் உரிமை. வேறு எந்த சுவிட்ச் எவ்வளவு பெரிய எண்ணோடு வந்தாலும் செல்லாது. எண்ணோடு தலைமையாசிரியர் கையெழுத்தும் பார்ப்பது போல.

2) எல்லாவற்றையும் டிரான்ஸ்பரன்ட் ஆக்கிவிடலாம். ஒவ்வொரு சுவிட்சிலும் கையால் எழுத வேண்டும். வேலை கூடும், ஆனால் நிம்மதி. 'சர்க்குலரே வேண்டாம் சாமி' என்று இப்படி வைத்துக்கொள்ளும் பொறியாளர்கள் நிறைய உண்டு.

3) ஆஃப் செய்யலாம். பதிப்பு 3-ஓடு வந்த வசதி. டிரான்ஸ்பரன்ட் சர்க்குலரை ஒட்டாது, ஆனால் கடத்தும். ஆஃப் கடத்தவும் கடத்தாது. பதிப்பு 3-ல் குறிப்பிட்ட ஒரு டிரங்க் ஓட்டையில் மட்டும் வி.டி.பி.யை நிறுத்தவும் முடியும். வேறு நிர்வாகத்தின் சுவிட்ச் வந்து சேரும் எல்லையில் இது ரொம்ப உதவும்.

4) கடவுச்சொல் கட்டாயம் வைக்க வேண்டும். 2006 செப்டம்பரில் வி.டி.பி. செய்தியைத் தவறாகத் தயாரித்து அனுப்பினால் சுவிட்சே தடுமாறும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். சிஸ்கோவும் அதற்கு விளக்க அறிக்கை வெளியிட்டது.

இரண்டாவது கட்டுப்பாடு: எதுவரை போகலாம்?

இதைப் புரிந்துகொள்ள நம்ம மாவட்டத்து ஆட்களைவிடத் தகுதியானவர் யார்? புதுக்கோட்டைச் சீமையே கண்மாய்ச் சீமைதானே! பழைய கண்மாய்களில் குமிழித் தூம்பு என்ற கல் மதகு இருக்கும். தண்ணீர் போக மேலே நீரோடித் துளை, வண்டல் போகக் கீழே சேறோடித் துளை. எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் என்பதை மடை தீர்மானிக்கும். நாற்றே நடாத வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் அது வீண்தானே?

நெட்வொர்க்கிலும் அப்படி வீண் உண்டு. நூலகக் கட்டடத்து சுவிட்சில் விடுதி வி-லேன் (30) ஓட்டை ஒன்றுகூட இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனாலும் 30-ல் எழும் ஒவ்வொரு பிராட்காஸ்ட்டும் டிரங்க் வழியாக அங்கே போய், 'இங்கே யாரும் இல்லை' என்று கீழே கொட்டப்படும். டிரங்கின் இடம்தான் வீண்.

இதற்கு மருந்து 'ப்ரூனிங்', அதாவது கிளை கழித்தல். நூலக சுவிட்ச் பக்கத்து சுவிட்சிடம், "எனக்கு 10-ம் 20-ம் மட்டும் போதும்" என்று சொல்லும். உடனே 30-க்கான மடை அந்த டிரங்கில் அடைக்கப்படும். நாளைக்கு நூலகத்தில் ஒரு ஓட்டையை 30-ல் போட்டால் தானாகவே மடை திறக்கும். நூலகத்துக்கும் அப்பால் இன்னொரு சுவிட்ச் இருந்து அதற்கு 30 தேவைப்பட்டால், நூலக சுவிட்ச் அதற்காகவும் சேர்த்துக் கேட்டு வாங்கும். கடைமடைக்காரனை மறக்காது!

கவனிக்க வேண்டியவை: இது இயல்பாக நின்றிருக்கும், நாம்தான் ஆன் செய்ய வேண்டும். பதிப்பு 1, 2-ல் சர்வரில் ஒரு தடவை ஆன் செய்தால் டொமைன் முழுக்க வேலை செய்யும். 2 முதல் 1001 வரையுள்ள வி-லேன்களை மட்டும் இப்படிக் கழிக்கலாம். வி-லேன் 1-ஐக் கழிக்க முடியாது.

ப்ரூனிங் வேண்டாம் என்றால், 'இந்த டிரங்கில் 10, 20 மட்டும் அனுமதி' என்று நாமே கையால் பட்டியல் எழுதலாம். நிரந்தர மடை மாதிரி. ஆனால் தேவை மாறும்போது நாமே போய்த் திறக்க வேண்டும்.

ஒரு முக்கியமான வித்தியாசம். நிறையப் பேர் இங்கே குழம்புவார்கள். ப்ரூனிங் தடுப்பது கம்ப்யூட்டர்கள் எழுப்பும் இரைச்சலை. சர்க்குலரை அல்ல! அனுமதிப் பட்டியலிலிருந்து வி-லேன் 1-ஐ எடுத்தாலும் வி.டி.பி. செய்தி போய்க்கொண்டேதான் இருக்கும். மடையை அடைத்துவிட்டோம், ஆகவே பழைய சுவிட்ச் ஆபத்தில்லை என்று நினைத்தால் ஏமாந்து போவோம். சர்க்குலரைத் தடுக்க முதல் கட்டுப்பாடுதான் வழி.

பழைய சுவிட்சை மாட்டும் முன்...

1. முதலில் தனியாக வைத்து ஆன் செய்யுங்கள். டிரங்கில் மாட்டாதீர்கள்.
2. 'ஷோ வி.டி.பி. ஸ்டேட்டஸ்' என்று கேளுங்கள். டொமைன் பெயர், வேடம், திருத்த எண் மூன்றும் தெரியும்.
3. டிரான்ஸ்பரன்ட் ஆக்கிவிட்டுத் திரும்ப மாற்றினால் திருத்த எண் 0 ஆகிவிடும்.
4. மறுபடி ஒரு தடவை பார்த்து 0 என்று உறுதி செய்யுங்கள். அப்புறம் மாட்டுங்கள்.
5. இருக்கும் வி-லேன் பட்டியலை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அந்த ஐந்தாவது ஏன் என்று கேட்கிறீர்களா? பட்டியல் அழிந்தாலும், 'நான் வி-லேன் 30' என்பதை ஒவ்வொரு ஓட்டையும் மறக்காது. வராந்தாவில் நிற்கும் 9-சி மாணவன் தன் வகுப்பை மறப்பானா? சர்வரில் 10, 20, 30 என்று மறுபடி உருவாக்கினால், சர்க்குலர் திரும்பப் போகும், ஓட்டைகள் உயிர் பெறும். நோட்டு இருந்தால் சில நிமிட வேலை. இல்லாவிட்டால் கட்டடம் கட்டடமாக அலைய வேண்டும்!

நமக்கு எதற்கு இது?

12-ஆம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் நெட்வொர்க் கேபிள், ஆர்.ஜே.-45 எல்லாம் வருகிறது. அதன் அடுத்த படிதான் இது. பாலிடெக்னிக் போகிறவர்கள், ஹார்டுவேர் வேலைக்குப் போக நினைக்கிறவர்கள் இப்போதே பழகலாம். சிஸ்கோவின் 'பாக்கெட் ட்ரேசர்' என்ற மென்பொருள் இலவசம். திரையிலேயே சுவிட்ச் வைத்து வயர் இழுத்து, வேண்டுமென்றே பழைய சுவிட்சை மாட்டிப் பட்டியல் அழிவதைப் பார்க்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை!

நெட்வொர்க் படிக்காதவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கடைசியாக வந்தது சரியானது என்றோ, பெரிய எண் போட்டது உண்மை என்றோ ஆகாது. செல்போனில் ஒரு செய்தி வந்தவுடன் பத்துப் பேருக்குத் தள்ளிவிடுகிறோமே, நாமும் ஒரு வி.டி.பி. சுவிட்ச்தான்! யார் அனுப்பியது, எப்போதையது என்று பார்த்துவிட்டு அனுப்பினால் நாம் பதிப்பு 3.

மூளைக்கு வேலை!

1. வி.டி.பி. செய்தி எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை போகும்?
2. சர்க்குலரைக் கடத்தவும் செய்யாத வேடம் எது?
3. எந்த வி-லேனைக் கிளை கழிக்கவே முடியாது?
4. கிளையன்ட் சுவிட்சால் சர்வரின் பட்டியலை மாற்ற முடியுமா?

(விடைகள்: 1. ஐந்து நிமிடம். 2. ஆஃப். 3. வி-லேன் 1. 4. முடியும், பதிப்பு 1, 2-ல், திருத்த எண் பெரிதாக இருந்தால்.)

நான்கும் சரியா? சபாஷ்! அடுத்த தடவை லேபில் பச்சை லைட் மினுக்கும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் கம்ப்யூட்டர் ஆசிரியரிடம் கேளுங்கள்.